பெட்ரோல் ஜெனரேட்டரை எங்கே வைத்து ஓட்டுவது?

கடலோரத்தான்: வேதாரண்யம் பக்கம் எங்கள் வீடு. 2018 கஜா புயலில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்ததை மறக்க முடியாமல் இப்போது 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். மழையில் நனையாமல் பின்கட்டில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டலாமா? சீசன் முடிந்ததும் பெட்ரோலோடு அப்படியே மூடி வைக்கலாமா?

பட்டறை: பின்கட்டு வேண்டவே வேண்டாம் அண்ணே. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, ஜன்னல் திறந்திருந்தாலும் உள்ளே சேர்ந்து தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல், மேலே மட்டும் கூரை போட்டு நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம், எஞ்சினை அணைத்துச் சூடு ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

வயர்மேன்: தயவுசெய்து சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். அது டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிப் போய், புயலுக்குப் பிறகு கம்பத்தில் ஏறி நமக்காக வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

பட்டறை: மூடி வைப்பதற்கு முன் டேங்கைக் காலி செய்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நம் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, ஈரத்தை இழுக்கும். நான் ஒரு வருடம் அப்படியே விட்டதில் உள்ளே பிசின் பிடித்து, அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகவே இல்லை.

கடலோரத்தான்: சரி, கொல்லையில் தனியாகக் கூரை போடுகிறேன். சுவிட்சுக்கு நாளைக்கே ஆள் வரச் சொல்லிவிட்டேன்.