எமர்ஜென்சி மோடில் மாட்டிய கதைகள்: உங்களுக்கும் நடந்திருக்கா?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து:

ஒரு தேயிலை ஃபெக்டரியின் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து நிறுவைக் கணக்கு முழுக்க ஒரு பழைய பிசியில்தான் சேரும். டெபியன் லினக்ஸ் போட்டு மேசைக்கு அடியில் தள்ளியாயிற்று. அதன் மொனிட்டரையும் கழற்றி வேறு மேசைக்குக் கொடுத்துவிட்டார்கள். போன ஏப்ரலில் ஒரு பின்னேரம் இடியும் மின்னலுமாக வந்து கரண்ட் போனது. திரும்பி வந்த பிறகு பிசியில் லைட் எரிகிறது, நெட்வேர்க்கில் மட்டும் ஆளைக் காணோம். நானோ அன்றைக்குக் கொழும்பில்.

கிளாக்கர் ஐயாவுக்கு ஃபோன் எடுத்து, மொனிட்டரைக் கொண்டுவந்து பூட்டி, பிசியை ஒருமுறை நிறுத்திப் போடச் சொன்னேன். "தம்பி, சிவப்பு நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது. பக்கத்துல ஒரு நிமிஷம் 12 செக்கன்னு போட்டிருக்கு, ஏறிக்கிட்டே போகுது" என்றார். பாதி விளங்கிவிட்டது. பூட் ஆகும்போது ஒவ்வொன்றாக எழுப்பிவிடும் சிஸ்டம்டி ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. வழக்கமாக 90 செக்கன் பார்க்கும், அதற்குள் வராவிட்டால் எமர்ஜென்சி மோடில், அதாவது கட்டளை அடித்துத் திருத்தும் வெறும் ஷெல்லில், போய் உட்கார்ந்துகொள்ளும். பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "இடி இடிச்சிச்சே, அதான் கழட்டி லாச்சியில வச்சேன்." அவர் செய்தது சரிதான். எந்தெந்த டிஸ்க்கைச் சேர்ப்பது என்று எழுதும் எஃப்ஸ்டேப் ஃபைலில், அந்த டிஸ்க்கின் வரியில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் நோஃபெயில் என்ற சொல்லைப் போடாமல் விட்டது நான்.

டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். அது மூச்சே விடவில்லை. சரி, எமர்ஜென்சி ஷெல்லுக்குள் போய் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், திரையில் வந்ததை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்: ரூட் கணக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு, பூட்டியிருக்கிறது, உள்ளே விட முடியாது, என்டரை அழுத்து. அழுத்தினால் மறுபடி அதே நட்சத்திரம், அதே 90 செக்கன், அதே பதில். டெபியன் போடும்போது ரூட் பாஸ்வேர்டை வெறுமையாக விட்டால் ரூட்டைப் பூட்டிவிட்டு முதல் பயனருக்கு சூடோவை, அதாவது ரூட்டின் அதிகாரத்தில் வேலை செய்யும் வசதியை, கொடுத்துவிடும். அன்றாட வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் எமர்ஜென்சியில் வாசலில் நிற்கும் சூலொகின் என்ற புரோகிராம் கேட்பது ரூட்டின் பாஸ்வேர்டை.

மிச்சமிருந்தது ஒரே வழி. பிசி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட் சமன் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ். அதாவது, முதலில் ஓடும் இனிட் புரோகிராமுக்குப் பதிலாக பாஷ் என்ற ஷெல்லையே தொடங்கு. "ஸ்லாஷ் எது தம்பி?" "கேள்விக்குறி இருக்கிற கட்டைங்க ஐயா." பிறகு கன்ட்ரோலும் எக்ஸும். உள்ளே வந்ததும் ரூட் டிஸ்க் வாசிக்க மட்டும்தான் திறந்திருக்கும், எழுதுவதற்கு மவுன்ட்டை ரீமவுன்ட் செய்ய வேண்டும். அதையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி, நானோ எடிட்டரில் அந்த வரி வேலை செய்யாதபடி முன்னால் ஒரு ஹேஷ் போட வைத்து, சேவ் பண்ணி, எழுதியது டிஸ்க்கில் இறங்க சிங்க்கும் அடிக்க வைத்தேன். இவ்வளவுக்கும் முக்கால் மணித்தியாலம். அதற்குப் பிறகு ரீபூட் ஹைபன் எஃப் என்று நான் சொல்வதற்குள் அவராகவே எக்ஸிட் என்று அடித்துவிட்டார். அந்த நேரத்தில் இனிட்டே அந்த பாஷ்தான். அது போனால் கேர்னல் பேனிக், சிஸ்டமே நின்றுவிடும். திரையை வாசித்துவிட்டு, "கில்லுன்னு போட்டிருக்கே, நான் யாரைத் தம்பி கொன்னேன்?" என்று கேட்டார். பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். பிசி எழும்பிவிட்டது.

இப்போது ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்ட் இருக்கிறது, உறையில் ஒட்டி ஒஃபிஸ் சேஃப்பில். டிஸ்க் வரியில் நோஃபெயிலும், 10 செக்கனுக்கு மேல் காத்திருக்காதே என்ற டிவைஸ் டைம்அவுட்டும். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

எனது கதை இவ்வளவு பெரிதில்லை அண்ணே, வெட்கம்தான் பெரிது. பாடசாலையில் அறிவித்தல் காட்டும் திரை ஒன்று, கரண்ட் வந்ததும் பாஸ்வேர்ட் கேட்காமல் தானாக உள்ளே போக வேண்டும் என்றார் அதிபர். ஒவ்வொரு திரையிலும் லொகின் என்று கேட்டு நிற்பது கெட்டி என்ற புரோகிராம். அதற்கு ஓட்டோலொகின் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் திரையான டிடிஒய்1இன் கெட்டிக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளையைப் போட்டு, எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்செக்ஸ்டார்ட் வரியை எழுதினேன். ரீபூட் பண்ணினால் லொகினே வரவில்லை, கறுப்புத் திரை.

காரணம், பழைய எக்செக்ஸ்டார்ட் அப்படியே இருக்க நான் இரண்டாவதைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு இருந்தால் அந்த சேர்விஸைத் தொடங்கவே மாட்டேன் என்று சிஸ்டம்டி மறுத்துவிடும். முதலில் வெறும் எக்செக்ஸ்டார்ட் சமன் என்று ஒரு காலி வரி, அதற்குக் கீழேதான் புதியது. நல்லவேளை, கன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 அடித்ததும் அடுத்த திரையில் லொகின் வந்தது. 6 திரை வரைக்கும், போய் நின்றால்தான் கெட்டி எழும்பும். அது தெரியாமல் இருந்திருந்தால் முழுக்க அழித்து மறுபடி இன்ஸ்டோல் பண்ணியிருப்பேன்.

பதுளையிலிருந்து:

பாடசாலை என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு மெஷின் பூட் ஆகும்போது எங்கே சிக்குகிறது என்று பார்க்க டீபக் ஷெல்லை எனேபிள் பண்ணினேன். வேலை முடிந்தது, அதை மறந்துபோனேன். அது டிடிஒய்9இல் பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட் ஷெல்லைத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்து ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை வந்து, "சேர், எஃப்9 அமத்துனா கறுப்பா ஒண்ணு வருது, அதுல என்ன அடிச்சாலும் கேக்குது" என்றாள். என்னவெல்லாம் அடித்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதெல்லாம் கிரப் வரியில் ஒரு தடவைக்கு மட்டும் போடுகிறேன், அடுத்த பூட்டில் இருக்காது.

அப்புத்தளையிலிருந்து:

மழைமானிக்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கொம்பியூட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். மொனிட்டரில் கொஞ்ச வரி ஓடும், பிறகு அசையாது. செத்துவிட்டது என்று வயரைப் பிடுங்குவேன், மறுபடி போடுவேன். இப்படியே எஸ்டி கார்ட் ஒன்றைக் கெடுத்தேன். பிறகுதான் விளங்கியது. பூட் வரியில், செய்திகளை எங்கே காட்டுவது என்று சொல்லும் கொன்சோல் இரண்டு இருந்தன: மொனிட்டருக்கு டிடிஒய்1, கடைசியில் சீரியல் வயருக்கு ஒன்று. கேர்னல் பேசுவது இரண்டிலும் வரும். சிஸ்டம்டி பேசுவது கடைசியில் எழுதியதில் மட்டும். டிஸ்க்கைச் சோதிக்கிறேன், பொறு என்று அது சீரியலில் சொல்லிக்கொண்டிருக்க, நான் மொனிட்டரைப் பார்த்து வயரைப் பிடுங்கியிருக்கிறேன்.

டிடிஒய்1ஐக் கடைசிக்கு மாற்றினேன். சீரியலிலும் லொகின் வழக்கம்போல வருகிறது. சீரியல் வயர் வாங்குகிறவர்கள் 3.3 வோல்ட் தானா என்று பார்த்து வாங்குங்கள், 5 வோல்ட் பையைச் சுட்டுவிடும். அதைப் பூட்டுவது பையின் 6, 8, 10 ஆம் பின்களில்.

கண்டியிலிருந்து:

தலவாக்கலை அண்ணனுக்கு: உறை, சேஃப் எல்லாம் எதற்கு? எமர்ஜென்சி சேர்விஸுக்கு சூலொகின் ஃபோர்ஸ் என்ற மாறியை 1 என்று கொடுத்துவிட்டால், ரூட் பூட்டியிருந்தாலும் பாஸ்வேர்ட் இல்லாமலே ஷெல் தருமே?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து:

தரும் தம்பி. வீட்டில் இருக்கிற மெஷினுக்கு நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். இங்கே அந்தப் பிசி இருப்பது சம்பளக் கணக்கு நடக்கிற அறையில், நாளுக்கு நாற்பது பேர் வந்து போகிற இடம். கிரப்புக்கும் பாஸ்வேர்ட் போட்டாயிற்று. போட்டதிலிருந்து கிளாக்கர் ஐயாவுக்குத்தான் கவலை, அடுத்த முறை கேள்விக்குறிக் கட்டை வரைக்கும் போக விடுமா என்று.