அல்சூர் வீட்டு உறவுகள் (குழு)

வியாழன்

செந்தில் 7:12
சமையல்காரர் இப்பதான் வந்து பாத்துட்டுப் போனார். உங்க போர் தண்ணில சாம்பார் வச்சா பருப்பு பருப்பாவே நிக்கும், காவிரி தண்ணி ரெடி பண்ணுங்க, இல்லன்னா ஞாயித்துக்கிழமை நித்யா வளைகாப்புக்கு வர மாட்டேன்னுட்டார்

விஜி அத்தை 7:14
யாரு அந்த ஆளு

விஜி அத்தை 7:14
பிரகாஷ் காதுகுத்துக்கு வந்தவரா

செந்தில் 7:15
அவர் பையன் அத்தை

விஜி அத்தை 7:15
அப்பனுக்கு மேல வாய்

பிரகாஷ் 7:18
கேன் வாங்கிடலாம் மச்சான். மேட்டர் ஓவர்

ராஜேந்திரன் பெரியப்பா 7:31
சமையல்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருந்தால் பருப்பில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்த இரண்டின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கே வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. செந்தில், உங்கள் அபார்ட்மெண்ட் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பு.

செந்தில் 7:33
(படம்)
740 பெரியப்பா

விஜி அத்தை 7:33
என் மருமகன் எதுலயாவது நல்ல மார்க் வாங்கிட்டான்

மல்லிகா 7:36
கீசர் ராடு படத்தையும் போடு

செந்தில் 7:37
(படம்)
போன தீபாவளிக்குப் போட்டது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரால தட்டத் தட்ட ஓடு ஓடா உதிருது

காயத்ரி 7:38
ஐயோ இது ராடா? சுண்ணாம்புக் கல்லுன்னு நெனச்சேன்

ராஜேந்திரன் பெரியப்பா 7:45
கிட்டத்தட்ட அதேதான். சூடு பட்டதும் பைகார்பனேட் பிரிந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அந்த ஓட்டைத் தாண்டித்தான் சூடு தண்ணீருக்குப் போக வேண்டும். கரண்ட் பில்லும் ஏறும், ராடும் போகும்.

பிரகாஷ் 7:47
எங்க ராமமூர்த்தி நகர் வீட்ல டிடிஎஸ் மீட்டர் 400தான் காட்டுது மாமா. அப்ப நல்ல தண்ணிதானே

ராஜேந்திரன் பெரியப்பா 7:53
அப்படிச் சொல்ல முடியாது. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பு மொத்தத்தையும் உத்தேசமாகக் காட்டுவது. ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டாலும் எண் ஏறும். கடினத்தன்மைக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது.

விஜி அத்தை 7:54
அண்ணா அவன் முடி கொட்றதுக்கு தண்ணிதான் காரணம்னு ஒரு வார்த்தை எழுதுங்க. பொண்ணு வீட்ல காட்டிக்கறேன்

பிரகாஷ் 7:54
அம்மா

காயத்ரி 7:55
வருஷக்கணக்கா காவிரி தண்ணில குளிக்கற எங்கப்பாவுக்கு முடி எங்க போச்சு

சாந்தி பெரியம்மா 7:55
😂😂😂

ராஜேந்திரன் பெரியப்பா 8:01
என்னுடையது பரம்பரை. கடினத் தண்ணீரில் ஷாம்பூ சரியாக நுரைக்காது, பிசுக்காகத் தலையில் படியும், முடி வறண்டு சிக்கு விழும். வழுக்கைப் பழியை மட்டும் தண்ணீர் மேல் போட வேண்டாம். செந்தில், உங்கள் கட்டிடத்தில் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தார்களே?

செந்தில் 8:03
வச்சாங்க. உப்பு மூட்டை வாங்க அசோசியேஷன்ல கையெழுத்து ஆகல. சும்மா நிக்குது

ராஜேந்திரன் பெரியப்பா 8:09
உள்ளே இருக்கும் ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புத் தண்ணீரால் கழுவாவிட்டால் அது வெறும் டப்பா. இன்னொன்று, மல்லிகா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள். சாஃப்ட்னர் தண்ணீரில் சோடியம் கூடும். குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லிகா 8:10
என் பி.பி.க்கு தண்ணி காரணமில்ல மாமா

விஜி அத்தை 8:11
🤐

சாந்தி பெரியம்மா 8:20
பேசாம வளைகாப்பை இங்க அல்சூர் வீட்லயே வச்சுக்கலாமே மல்லிகா. குழாய்லயே காவிரி வருது. ஹாலும் பெருசு

மல்லிகா 8:22
வேணாங்க அக்கா. அவர் இருந்தப்ப கேட்டதுக்கே பதில் வரல. இப்ப ஒரு நாள் விசேஷத்துக்கு நான் வந்து கேட்டு நிக்கணுமா

ராஜேந்திரன் பெரியப்பா 8:24
அந்த வாசல் எல்லோருக்கும் சொந்தம்.

விஜி அத்தை 8:24
பத்திரத்துல அப்படி எழுதல அண்ணா

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பிரகாஷ் 8:31
சரி கேன் எத்தனை

காயத்ரி 8:33
உங்க ஹொரமாவு ஏரியாவுக்கும் காவிரி வந்தாச்சுன்னு சொன்னாங்களே செந்தில்?

செந்தில் 8:35
பெங்களூரு காவிரி குடிநீர்த் திட்டம் 5ஆம் கட்டம் 2024 அக்டோபர்லயே திறந்தாச்சு. குழாய் எங்க கேட் வரைக்கும் வந்து நிக்குது. இணைப்புக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டணும். வாடகைக்கு விட்டுட்டு வெளிநாட்ல இருக்கறவங்க கட்ட மாட்டேங்கறாங்க. டேங்கர் வந்தா போதுமாம் அவங்களுக்கு

ராஜேந்திரன் பெரியப்பா 8:44
அந்தத் திட்டம் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கானது. நாளைக்கு 77.5 கோடி லிட்டர். தொரேகாடனஹள்ளியில் எடுத்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் பம்ப் செய்து ஏற்ற வேண்டும். அத்தனை மேடேறி வந்த தண்ணீரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

விஜி அத்தை 8:45
அண்ணா சாம்பார்

மல்லிகா 8:47
ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா வெந்துடும். தினமும் இங்க அப்படித்தான் ஓடுது. ருசிதான் செத்துப்போகும்

விஜி அத்தை 8:49
வளைகாப்புக்கு கலந்த சாதம்தானே அண்ணி. புளி, எலுமிச்ச, தேங்கா, தயிர். சாம்பாரை யாரு கேட்டா

நித்யா 8:50
நான் 🙈

விஜி அத்தை 8:50
அப்ப சரி. வாயும் வயிறுமா இருக்கறவ கேட்டா செஞ்சுதான் ஆகணும்

சாந்தி பெரியம்மா 8:53
சர்க்கரைப் பொங்கலுக்கும் பயத்தம்பருப்பு வேகணுமே

பிரகாஷ் 8:54
20 லிட்டர் கேன் என் வண்டில பத்துதான் ஏறும். மாமா வீட்ல புடிச்சுக்கவா, கடைல வாங்கவா?

ராஜேந்திரன் பெரியப்பா 8:56
காலையில் ஐந்து மணிக்கு வா. தண்ணீர் விடும் நேரம். நானே பிடித்து வைக்கிறேன்.

மல்லிகா 8:58
கடைலயே வாங்கிக்கோ பிரகாஷ்

சாந்தி பெரியம்மா 8:59
பாதி இங்க பாதி அங்க வாங்கிக்கட்டுமே மல்லிகா. விடு

செந்தில் 9:02
அம்மா நான் பேசறேன்

விஜி அத்தை 9:05
கண்ணாடி வளையல் சிவாஜிநகர்ல வாங்கிட்டேன். 2-4 அளவு, அஞ்சு டஜன் பச்சை, அஞ்சு டஜன் சிவப்பு

நித்யா 9:06
கை வீங்கியிருக்கே, 2-6தான் ஏறும்

விஜி அத்தை 9:06
இதை நேத்து சொல்லக் கூடாதாம்மா

பிரகாஷ் 9:08
குடுங்க, நாளைக்கு நான் மாத்திட்டு வரேன். கேன் அல்சூரா கடையான்னு மட்டும் யாராவது சொல்லுங்க