ப்ளூமிங்டன்–நார்மல்: டிஸ்ட்ரிக்ட் 87-ஆ, யூனிட் 5-ஆ?

ஈரோட்டுக்காரன்
வணக்கம். இல்லினாய் மாநிலம் ப்ளூமிங்டனில் காப்பீட்டு நிறுவன வேலை கிடைத்து, ஜூலையில் குடிவருகிறோம். மகள் நான்காம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. ப்ளூமிங்டனும் நார்மலும் ஒட்டிய ஊர்கள்தான், ஆனால் அரசுப் பள்ளிகள் இரண்டு நிர்வாகத்தில் (பள்ளி டிஸ்ட்ரிக்ட்) இருக்கின்றன: ப்ளூமிங்டன் பழைய நகரத்துக்கு டிஸ்ட்ரிக்ட் 87, நார்மலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் யூனிட் 5. அலுவலகத்தில் கேட்டவர்கள் எல்லோரும் யூனிட் 5 பக்கமே கை காட்டுகிறார்கள். ஆனால் 87 எல்லைக்குள் எங்களுக்கு மிகவும் பிடித்த வாடகை வீடு ஒன்று அமைந்திருக்கிறது. விட்டுவிடவா?

கிழக்குப்பக்க அம்மா
விட்டுவிடுங்கள் தம்பி. ஒன்பது வருடமாக ப்ளூமிங்டன் கிழக்கில் இருக்கிறோம். முகவரி ப்ளூமிங்டன், பள்ளி யூனிட் 5. பள்ளிகளுக்கு ரேட்டிங் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் மதிப்பெண்ணைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எங்கள் பஸ் நிறுத்தத்தில் காலையில் நான்கு தமிழ்ப் பிள்ளைகள் நிற்கிறார்கள். எனக்கு மீட்டிங் இழுத்துவிட்டால் பக்கத்து வீட்டில் என் பையனுக்குத் தோசை போட்டுவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழையநகர் அப்பா
அக்கா, தோசை விஷயத்தில் உங்களோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். மதிப்பெண்ணில் இல்லை.

அந்த எண்ணில் தேர்வு முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வு முடிவு வீட்டு வருமானத்தின் பின்னாலேயே போகும். பெற்றோர் இருவரும் பொறியாளர்களாக இருக்கும் தெருவில் எந்தப் பள்ளியை வைத்தாலும் எண் ஏறும். பள்ளிகளைப் பற்றி மாநிலமே வெளியிடும் இல்லினாய் ரிப்போர்ட் கார்டில் 'வளர்ச்சி' என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒரே அளவில் தொடங்கிய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளிப் பிள்ளை ஓராண்டில் எவ்வளவு முன்னேறியது என்று சொல்லும். ஆசிரியரின் உழைப்பு தெரிவது அங்கேதான். ஈரோட்டுக்காரர் முதலில் அதைத் திறந்து பார்க்கட்டும்.

என் மூத்தவன் 87-இன் ஒரே உயர்நிலைப் பள்ளியான ப்ளூமிங்டன் ஹையில் படித்தான். வட்டாரத் தொழிற்கல்வி மையம் அதே வளாகத்தில் இருக்கிறது. யூனிட் 5 பிள்ளைகளும் அங்கே வந்துதான் படிக்கிறார்கள். அவன் நர்சிங் உதவியாளர் பயிற்சி எடுத்தான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, படுக்கையில் இருந்த என் அம்மாவை வலிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையணையை முதுகுக்குக் கொடுத்தான். எந்த ரேட்டிங்கில் அது வரும்?

கிழக்குப்பக்க அம்மா
கேட்க நெகிழ்வாக இருக்கிறது அண்ணா. ஆனாலும் என் கவலை வேறு. இங்கே வருவதற்கு முன் வேறு மாநிலத்தில் ஒரு பள்ளியில் என் மகள் படித்தாள். பின்தங்கிய பிள்ளைகளைத் தூக்கிவிடுவதிலேயே ஆசிரியைக்கு நேரம் போய்விடும். அவர்மேல் குறை இல்லை. ஆனால் என் மகள் பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டு, தாளின் பின்பக்கம் பூ வரைந்துகொண்டிருப்பாள். வருடம் முழுக்க அந்தத் தாள்கள் வீட்டுக்கு வந்தன. அப்புறம் எப்படி நான் பள்ளி சராசரியைப் பார்க்காமல் இருப்பது? கூடப் படிப்பவர்கள் வேகமாக ஓடினால் நம் பிள்ளையும் ஓடும்.

பழையநகர் அப்பா
அது வகுப்பு அமைப்பின் குறை, எந்த டிஸ்ட்ரிக்டிலும் வரலாம். யூனிட் 5-க்கும் கஷ்டகாலம் இருந்ததை மறக்கக் கூடாது. சொத்து வரியை உயர்த்திக் கேட்ட வாக்கெடுப்பு 2022 நவம்பரில் தோற்றது. விளையாட்டு, இசை என்று வெட்டப்போகும் பட்டியல் வந்தபோது பெற்றோர் எவ்வளவு பதறினார்கள்!

கிழக்குப்பக்க அம்மா
2023 ஏப்ரலில் அதே வாக்கெடுப்பு ஜெயித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நானே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். பள்ளிக்காக இறங்கி வேலை செய்யும் ஊர் இது. அதனால்தான் பரிந்துரைக்கிறேன்.

மாற்று ஆசிரியை
இரண்டு டிஸ்ட்ரிக்டிலும் மாற்று ஆசிரியையாகப் போயிருக்கிறேன். நான்காம் வகுப்புக்கு இவ்வளவு சண்டை வேண்டாம். இரு பக்கமும் அருமையான வகுப்பறைகளைப் பார்த்திருக்கிறேன், சோர்ந்துபோன வகுப்பறைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டுக்காரர் சார், யோசிக்க வேண்டியது உங்கள் மகனைப் பற்றி. எட்டாம் வகுப்பில் புதிதாக நுழைகிறவனுக்கு நண்பர்கள் கிடைக்கவே தீபாவளி ஆகிவிடும். 87-இல் ஒரே ஜூனியர் ஹை (எட்டாம் வகுப்பு வரை), அதன்பின் ஒரே ஹை ஸ்கூல். நண்பர்கள் கூடவே வருவார்கள். யூனிட் 5-இல் நார்மல் கம்யூனிட்டி, நார்மல் வெஸ்ட் என்று இரண்டு ஹை ஸ்கூல் உண்டு, வீட்டு முகவரி முடிவு செய்யும். அங்கே போவதானால் இரண்டு வருடத்தில் காலி செய்ய வேண்டியிராத வீடாகப் பாருங்கள்.

ஈரோட்டுக்காரன்
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. யூ-ஹை என்று ஒன்று சொல்கிறார்களே?

மாற்று ஆசிரியை
இல்லினாய் ஸ்டேட் பல்கலைக்கழகம் நடத்தும் உயர்நிலைப் பள்ளி. ஆசிரியர் பயிற்சிக்கும் கற்பித்தல் ஆய்வுக்கும் பயன்படுவதால் ஆய்வகப் பள்ளி என்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அத்தகைய கல்லூரியை 'நார்மல் ஸ்கூல்' என்பார்கள், ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். வீட்டு முகவரியை வைத்து அங்கே இடம் கிடைக்காது, விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். மகனுக்கு விருப்பம் இருந்தால் வந்தவுடனே விசாரியுங்கள்.

ஈரோட்டுக்காரன்
நன்றி. திங்கட்கிழமை இரண்டு டிஸ்ட்ரிக்டுக்கும் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறேன்: கணக்கில் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பில் என்ன செய்வீர்கள்? அக்கா சொன்ன பூ வரைந்த தாள் மனதில் நின்றுவிட்டது. இப்போதைக்கு 87 வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

கிழக்குப்பக்க அம்மா
சரி தம்பி. பதிலை இங்கே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். கிழக்கில் வீடு பார்ப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தக் கதவு எண்ணையே டிஸ்ட்ரிக்டில் சொல்லி எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ப்ளூமிங்டன் என்று முகவரியில் இருப்பதை நம்ப வேண்டாம்.