செயற்கைக்கோள் மேகத்தை அளக்கிறதா, ஊகிக்கிறதா?

பனித்துளி:
நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவியின் மேகக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். ஒரு பிக்சலில் ஒளியியல் தடிமன் (மேகம் ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்ற எண்) 12, துளி ஆரம் 10 மைக்ரான் என்று போட்டிருக்கிறது. சொல்வது சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கருவி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. யார் போய் அளந்தது? இதற்குப் பெயர் அளவீடு இல்லை, நாகரிகமான ஊகம். மறுப்பவர்கள் வரலாம்.

வெண்முகில்:
வந்துவிட்டேன். அளப்பது துளியை அல்ல, துளிகள் திருப்பி அனுப்பும் வெயிலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நீர் அநேகமாக உறிஞ்சாது. அதனால் அங்கே மேகம் வெளுக்க வெளுக்கத் தடிமன் கூடுதல் என்று பொருள். 2.1 மைக்ரான் அலைநீளத்தில் நீர் கொஞ்சம் உறிஞ்சும், துளி பெரிதானால் இன்னும் உறிஞ்சும். அங்கே மங்கினால் துளி பெரிசு. நகஜிமா, கிங் என்ற இரு விஞ்ஞானிகள் 1990இல் இதை முறையாக எழுதிவைத்தார்கள். இது ஊகம் என்றால் தெர்மாமீட்டரும் ஊகம்தான்; பாதரசம் விரிவதைத்தானே அது காட்டுகிறது?

பனித்துளி:
தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிச் சரிபார்க்கலாம். மேகத்தை எதில் முக்குவது? அந்த முறை மேகத்தை மேசைபோலத் தட்டையாக, பக்கவாட்டில் எல்லையே இல்லாததாக எடுத்துக்கொள்கிறது. நிஜ மேகமோ பஞ்சுப்பொதியைக் கொட்டிவைத்த மாதிரி மேடும் பள்ளமும். வெயில் சாய்ந்து அடித்தால் ஒரு பக்கம் பளீர், மறுபக்கம் நிழல். நிழலை உங்கள் கணக்கு 'துளி பெரிசு' என்று படித்துவிடும். பாதி மேகம், பாதி கடலாக இருக்கும் பிக்சலிலும் அதே கதை: தடிமன் குறைந்து, ஆரம் கூடி வரும்.

கடற்காகம்:
இந்தத் தரவோடுதான் எனக்கு வேலை. பிசகு எங்கே போய்க் கடிக்கும் என்று பனித்துளியின் பிக்சலிலேயே பார்ப்போம். தடிமனையும் ஆரத்தையும் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் மேகத்திலுள்ள நீர்: சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆரம் 15 சதவீதம் கூடிவிட்டால் 92. சரி, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் துளிகளின் எண்ணிக்கை ஆரத்தின் 2.5 அடுக்குக்குத் தலைகீழாகப் போகும். அதே 15 சதவீதப் பிசகுக்கு எண்ணிக்கை ஏறக்குறைய 30 சதவீதம் சரியும்.

15 என்பதைச் சும்மா எடுக்கவில்லை. 2008இல் தென்கிழக்குப் பசிபிக்கில் மேகத்துக்குள்ளேயே விமானத்தை ஓட்டி ஒப்பிட்டதில், மோடிஸ் ஆரம் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது.

வெண்முகில்:
பார்த்தீர்களா, முக்கிப் பார்த்துவிட்டார்கள்!

பனித்துளி:
ஒரு கடல், ஒரு வகை மேகம். அதற்குள் குதிக்க வேண்டாம். ஒரே பிக்சலுக்கு 1.6, 2.1, 3.7 மைக்ரான் அலைநீளங்களில் பார்த்து மூன்று ஆரம் கொடுக்கிறார்களே, எது நிஜம்?

வெண்முகில்:
மூன்றும். 3.7இல் உறிஞ்சுதல் அதிகம், மேகத்தின் மேல்தோலை மட்டும் பார்க்கும். 2.1 கொஞ்சம் உள்ளே, 1.6 இன்னும் உள்ளே. (அக்வா செயற்கைக்கோளில் 1.6இன் உணரிகள் பெரும்பாலும் செத்துவிட்டன, அது தனிச் சோகம்.)

பனித்துளி:
மேலே போகப் போகத் துளி வளரும். அப்படியானால் 3.7 ஆரம்தான் பெரிதாக வரவேண்டும். கடல்மேல் சிதறிக் கிடக்கும் மேகங்களில் 2.1 ஆரம் பல நேரம் பெரிதாக நிற்கிறதே?

வெண்முகில்:
மாட்டிக்கொண்டேன். அங்கே தெரிவது துளி அல்ல, 'தட்டை மேகம்' என்ற அனுமானம் உடைந்ததுதான் பெரும்பாலும். இதை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். ஆனால் மேக உச்சியின் உயரத்தைக் கணிக்கும் விஷயத்தில் விடமாட்டேன்.

பனித்துளி:
அதுமட்டும் என்ன வாழ்ந்தது? 11 மைக்ரான் அகச்சிவப்பில் வெப்பநிலை பார்த்து உயரம் சொல்கிறார்கள். மெல்லிய கீற்று மேகமாக இருந்தால் கீழேயுள்ள சூடான தரையும் சேர்ந்து தெரியும். மேகம் நிஜத்தைவிடத் தாழ்வாகப் பதிவாகும்.

கடற்காகம்:
அதற்குத்தான் 13, 14 மைக்ரான் பக்கம் கார்பன் டை ஆக்சைடு அலைவரிசைகள். கீழிருந்து வரும் கதிரை வாயுவே விழுங்கிவிடும், உயர மேகம் தனித்துத் தெரியும். தாழ்ந்த மேகம்தான் எனக்குத் தலைவலி. அதன் உச்சிக்கு மேலே காற்று சூடாக இருந்தால், அதே குளிர் இன்னும் உயரத்திலும் கிடைக்கும். கணக்கு மேகத்தை அங்கே தூக்கி வைத்துவிடும். கலிப்சோ செயற்கைக்கோளின் லைடார் (லேசரால் உயரம் அளக்கும் கருவி) இதை 2006 முதல் 2023 வரை லேசர் துடிப்பு அனுப்பிப் பிடித்துக் காட்டியது, இப்போது 2024இல் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள் இருக்கிறது. ஆனால் லைடார் பார்ப்பது நூல்போல ஒரு கோடு, மோடிஸ் பார்ப்பது 2,330 கிலோமீட்டர் அகலம். நூலை வைத்து உலகத்தை மூட முடியாது.

அப்புறம் பனித்துளி, அந்த 12, 10 எண்களுக்குப் பிழைச் சதவீதம் அதே கோப்பில் தனி அடுக்கில் இருக்குமே, பார்த்தீர்களா?

பனித்துளி:
இல்லை. இப்போதுதான் திறந்தேன். மேகம் பாதி மட்டும் நிறைந்த பிக்சல்களையும் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் எடுத்த பிக்சல் அந்த ஒதுக்கலிலிருந்து வந்தது.