கிட்டக் கிட்ட ரெண்டு ஃபூட்டிங், கீழே மணல்: ஜியோகிரிட்டை வெட்டிப் போடலாமா?

கடல்பக்கத்தான்:
வெள்ளவத்தையில், கோல் றோட்டுக்குக் கடல்பக்கம் 7 பேர்ச் காணி. மூண்டு மாடி வீடு கட்டுறம். ஃபூட்டிங் (தூணுக்குக் கீழே போடுற அகலமான கொங்கிறீட் அடி) எல்லாம் ஒன்றரை மீற்றர் சதுரம். படிக்கட்டுப் பக்கம் ரெண்டு தூண் நெருங்கி வந்ததால் அந்த ரெண்டு ஃபூட்டிங்குக்கும் நடுவில் 60 சென்றிமீற்றர்தான் மிச்சம். என்ஜினியர் கீழே ரெண்டு அடுக்கு ஜியோகிரிட், அதாவது மண்ணுக்குள்ளை விரிக்கிற பலமான வலை, கீறியிருக்கிறார். கொன்ட்ராக்டர், ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாய் வெட்டிப் போடுவம், வேலை லேசு எண்டு நிக்கிறார். மேசன் பாஸோ, இப்பிடி நெருங்கினால் மணல் தாங்காது எண்டு பயப்படுத்துறார். ஆர் சொல்லுறதைக் கேக்கிறது?

மண்ணாய்வு:
பாஸின்ரை பயம் நியாயமானது, காரணம்தான் வேறை. மணலில் ரெண்டு ஃபூட்டிங் நெருங்கினால் தாங்குதிறன் குறையாது, பெரும்பாலும் கூடும். நடுவில் அகப்பட்ட மணல் பக்கவாட்டில் விலகி மேலே எழும்ப இடமில்லாமல் ரெண்டு பக்கமும் அடைபடும். 1962இல் ஸ்டூவர்ட் எண்ட ஆய்வாளர் இதைக் கணக்காய்க் காட்டினார். அவர் எடுத்தது நீளப் பட்டி அத்திவாரம். உங்கடை சதுர ஃபூட்டிங்கில் இந்த விளைவு குறைவாய் இருக்கும். மையத்துக்கு மையம் நாலைஞ்சு மடங்கு அகலம் தள்ளிப்போனால் ஒண்டுக்கு மற்றது இருக்கிறதே தெரியாது.

சிக்கல் இறக்கத்தில்தான், அதாவது ஃபூட்டிங் பாரத்தால் கீழே அமருறதில். பாரம் 2:1 சாய்வில் (ரெண்டு பங்கு கீழே போக ஒவ்வொரு பக்கமும் ஒரு பங்கு) விரியுது எண்டு வைச்சால், உங்கடை ரெண்டும் ஃபூட்டிங் அடியிலிருந்து 60 சென்றிமீற்றர் ஆழத்திலேயே ஒண்டின்மேல் ஒண்டு ஏறத் தொடங்கும். அதுக்குக் கீழே மணல் ரெண்டு பேரின்ரை சுமையையும் சுமக்குது. தனித்தனியாய்ப் போட்ட இறக்கக் கணக்கை விடக் கூட இறங்கும். அதோடை உள்விளிம்பு கூடுதலாய் அமர, ரெண்டும் ஒண்டையொண்டு பார்த்துச் சாயப் பார்க்கும்.

கடல்பக்கத்தான்:
அப்ப ஜியோகிரிட்?

மண்ணாய்வு:
வெட்ட விடாதேங்கோ. வலை தாங்குறது இழுவையால். இழுவை வரவேணுமெண்டால் ஃபூட்டிங்குக்கு வெளியே அது மணலைப் பிடிச்சு நிக்க நீளம் வேணும். நடுவில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் உள்பக்கம் 30 சென்றிமீற்றர்தான் நீளும், அது ஒரு பிடியே இல்லை. தொடர்ச்சியாய் விரிச்சால் ஒரு ஃபூட்டிங்கின்ரை பாரமே மற்றதுக்கு நங்கூரம். சோதனைகளிலும் தொடர் வலை சாய்வைத்தான் நல்லாய்க் குறைச்சிருக்கு.

முதல் அடுக்கு ஃபூட்டிங் அகலத்தில் மூண்டிலொரு பங்கு ஆழத்தில், அதாவது அரை மீற்றரளவில் வரலாம். மிச்சத்தை என்ஜினியரின்ரை வரைபடப்படி செய்யுங்கோ.

பழைய சைட் ஆள்:
தம்பி, தண்ணி எவ்வளவு ஆழத்தில்? தூண் எல்லை மதிலுக்குப் பக்கத்திலையோ?

கடல்பக்கத்தான்:
ஃபூட்டிங் அடி 1.2 மீற்றர், தண்ணி கிட்டத்தட்ட அதே மட்டம் ஐயா. ஒரு தூண் மதிலோடை ஒட்டித்தான். அடுத்த வீடு பழசு.

பழைய சைட் ஆள்:
அப்ப ஒருக்கால் யோசியுங்கோ. தண்ணி ஃபூட்டிங் அடிக்கு வந்தால் மணலின்ரை பயன்படு எடை (தண்ணியின்ரை மிதப்புப் போக மிஞ்சிற எடை) பாதியளவாகும், தாங்குதிறனில் அகலத்தால் வாற பங்கும் அப்பிடியே குறையும். வலை போட அதுக்குக் கீழே தோண்ட வேணும். தண்ணிக்குள்ளை மணல் இறுகாது, பம்ப் போட்டு இறைக்கவேணும். இறைச்சால் பக்கத்து வீட்டுக்குக் கீழிருந்து மணலும் வரும். மதில் பக்கம் வலையை நீட்ட இடமுமில்லை.

என்ரை புத்திக்கு, மூண்டு மாடிக்கு ஜியோகிரிட்டை விட ரெண்டு தூணையும் சேர்த்து ஒரே ஃபூட்டிங் போடுறது திறம். தனித்தனிச் சாய்வுக் கதையே இருக்காது. ஆனால் அகலம் கூடினால் பாரம் இன்னும் ஆழத்துக்குப் போகும். அதனால் போர்ஹோலை (மண்ணைப் பார்க்கத் துளைக்கிற குழியை) மூண்டு நாலு மீற்றரில் நிப்பாட்டாமல் இறக்குங்கோ. கொழும்பில் மணலுக்குக் கீழே உக்கின கறுப்பு மண் கிடக்கிற இடங்கள் இருக்கு, வாய்க்கால் கரையோரம் கூடுதலாய். அது வந்தால் மேலே கதைச்ச எதுவும் செல்லாது, ஆழத்துக்கு இறக்கிற பைல் தூண்தான்.

கடல்பக்கத்தான்:
போர்ஹோல் அறிக்கை 6 மீற்றர் மட்டும் இருக்கு, முழுக்க மணல்தான். சேர்த்துப் போடுறதைப் பற்றி என்ஜினியரோடை கதைக்கிறன்.

மண்ணாய்வு:
கதைக்கேக்கை ரெண்டு தூணின்ரையும் சுமையைக் கேளுங்கோ. ஒண்டு கூட எண்டால் ஃபூட்டிங்கின்ரை மையம் அந்தப் பக்கம் நகர வேணும். தோண்ட முன்னம் பக்கத்து வீட்டுச் சுவரிலுள்ள வெடிப்புகளைத் திகதியோடை படம் எடுத்து வையுங்கோ, வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைச்சு.