ஜி41 மதர்போட்டில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஏற்கப்படாதது ஏன்?

கேள்வி: உவர்மலை வாசகன்

வணக்கம். திருகோணமலையில் எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் உள்ள மேசைக் கணினி பற்றியது இந்தக் கேள்வி. இன்டெல் ஜி41 சிப்செட் (புரொசசரை மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப் தொகுதி) கொண்ட மதர்போட், கோர் 2 டுவோ இ7500 புரொசசர், 2 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று. மற்ற ஸ்லொட் இதுவரை வெறுமையாகவே இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை எடுப்பதற்கு இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். 64 பிட் விண்டோஸ் 10 ஓடுவதால், பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்ததுமே கணினி திணறத் தொடங்கிவிடுகிறது.

நகரத்துக் கடையொன்றில் பாவித்த 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றை வாங்கி வெற்று ஸ்லொட்டில் பொருத்தினேன். விசிறி சுழல்கிறது, திரையில் எதுவும் வருவதில்லை, பீப் ஒலி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் எந்த ஸ்லொட்டில் போட்டாலும் இதே நிலைதான். பழைய 2 ஜிபி ரேமோ இரண்டு ஸ்லொட்டிலும் குறையின்றி வேலை செய்கிறது. கடைக்காரர் அதே 4 ஜிபி ரேமைத் தம்மிடமிருந்த மூன்றாம் தலைமுறை ஐ3 கணினியில் போட்டு, முழுக் கொள்ளளவும் தெரிவதைக் காட்டிவிட்டு, மதர்போட்தான் பழுது என்கிறார். ஆனால் மதர்போட்டின் கையேட்டில் ஒரு ஸ்லொட்டுக்கு 4 ஜிபி வீதம் 8 ஜிபி வரை போடலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ரேமும் நல்லது, ஸ்லொட்டும் நல்லது, கையேடும் இடம் கொடுக்கிறது என்றால் பிழை எங்கே இருக்கிறது? தெரிந்த அண்ணன்மார் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மூதூர் நண்பன்

தம்பி, நம்முடையது மூன்று பக்கமும் கடற்காற்று அடிக்கிற ஊர். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் உப்பு ஈரம் படிந்து மங்கலான ஒரு படலம் உண்டாவதை இங்கே அடிக்கடி காணலாம். மின் இணைப்பை முற்றாகத் துண்டித்துவிட்டு, ரேமை ஓரங்களில் மட்டும் பிடித்து, வெள்ளை அழிறப்பரால் தொடுமுனைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டுப் பொருத்திப் பாருங்கள். கூடவே மதர்போட்டில் உள்ள சிறிய சிமோஸ் பற்றரியையும் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பழைய அமைப்புகளை மறந்து புதிதாகத் தொடங்கும். அதற்கும் சரிவராவிட்டால் பயோஸைப் புதுப்பித்துப் பார்க்கலாம்.

மறுமொழி: தம்பலகாமம் திருத்துநர்

மூதூர் அண்ணன் சொன்ன துப்புரவு வேலையைச் செய்வதில் நட்டமில்லை. ஆனால் பழைய ரேம் இரண்டு ஸ்லொட்டிலும் ஓடுகிறது, புதியது வேறு கணினியில் ஓடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அழுக்கையும் பழுதையும் விட்டுவிட்டுப் பொருத்தமின்மையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜி41 மதர்போட்களில் இது மிகவும் பழகிப்போன சிக்கல்.

ரேமில் உள்ள கறுப்புச் சிப்களை எண்ணிப் பாருங்கள். கணினி ஒரே நேரத்தில் 64 பிட் அகலத்தில் நினைவகத்தோடு பேசுகிறது. ஒவ்வொரு சிப்பும் 8 பிட் கொடுப்பதால் எட்டுச் சிப்கள் சேர்ந்து ஓர் அணி ஆகின்றன. ஒரு சிப்பின் கொள்ளளவு 2 கிகாபிட் என்றால் ஓர் அணிக்கு 16 கிகாபிட், அதாவது 2 ஜிபி கிடைக்கும் (8 கிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). அப்போது 4 ஜிபி ரேமுக்கு இரண்டு அணிகள், அதாவது பதினாறு சிப்கள் வேண்டும். பின்னர் 4 கிகாபிட் சிப்கள் மலிவாகியதும் அதே 4 ஜிபியை ஒரே அணியில், எட்டே சிப்களில் செய்துவிட்டார்கள். தொடுமுனைகள் இரண்டிலும் 240தான், நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான், பெயரும் டிடிஆர்3தான்.

வேறுபாடு முகவரியில் இருக்கிறது. 8 பிட் அகலமுள்ள 2 கிகாபிட் டிடிஆர்3 சிப்புக்கு வரிசை முகவரி, அதாவது தரவு உள்ள வரிசையைச் சுட்டும் எண், 15 பிட் போதும். 4 கிகாபிட் சிப்புக்கு 16 பிட் தேவை. ஜி41 2008இல் வெளிவந்தது, அதன் நினைவகக் கட்டுப்படுத்தி (ரேமோடு பேசும் பகுதி) 2 கிகாபிட் சிப் வரைக்குமே அமைக்கப்பட்டது. அந்தப் பதினாறாவது பிட்டை அது அறியாது. ஆகவே சில மதர்போட்கள் இத்தகைய ரேமைப் பாதிக் கொள்ளளவாகக் காட்டும், பல உங்களுடையதைப் போலத் தொடங்கவே மறுக்கும். மூன்றாம் தலைமுறை ஐ3க்கு இந்தத் தடை இல்லாததால் கடைக்காரரின் சோதனை உண்மையானதே, எனினும் அது உங்கள் கேள்விக்கு விடையாகாது. கையேட்டில் உள்ள 4 ஜிபி என்ற கணக்கும் பதினாறு சிப் ரேமை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுதான். கட்டுப்படுத்தி மதர்போட்டில் உள்ள சிப்செட்டுக்குள்ளேயே இருப்பதால் பயோஸைப் புதுப்பித்து இதைத் தீர்க்க முடியாது. பழைய மதர்போட்டில் அந்த வேலையின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டால் உள்ளதும் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

எண்ணிப் பார்க்க வசதியில்லாவிட்டால் லேபிளை வாசியுங்கள். 2ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் இரண்டு அணி, 1ஆர்எக்ஸ்8 என்று இருந்தால் ஓர் அணி.

மறுமொழி: உவர்மலை வாசகன்

மிக்க நன்றி அண்ணா. ஒரு பக்கத்தில் எட்டுச் சிப்கள் இருக்கின்றன, மறுபக்கம் வெறும் பச்சைப் பலகைதான். லேபிளில் 4 ஜிபி, 1ஆர்எக்ஸ்8, பிசி3எல்-12800யு என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் மாற்றித் தருவதற்கு உடன்பட்டிருக்கிறார். இதில் எல் என்ற எழுத்தும் 12800 என்ற வேகமும் கூடச் சிக்கல் கொடுக்குமா? 2ஆர்எக்ஸ்8 கிடைத்தால் பழைய 2 ஜிபியோடு சேர்த்துப் போடலாமா?

மறுமொழி: தம்பலகாமம் திருத்துநர்

எல் என்பது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது என்பதைக் குறிக்கிறது. அத்தகைய ரேம் வழக்கமான 1.5 வோல்ட்டிலும் ஓடும். வேகமும் தடையில்லை, 12800 என்பது 1600 வேக ரேமின் குறியீடு. உங்கள் புரொசசர் சிப்செட்டோடு பேசும் பஸ் வேகம் 1066 என்பதால், 1600 வேக ரேமும் தன்னைக் குறைத்துக்கொண்டு ஓடும். இரண்டையும் சேர்த்துப் போட்டு 6 ஜிபி பெறலாம், மெதுவானதன் நேரக்கணக்கிற்கு மற்றது இணங்கிப்போகும். பிள்ளைகளின் பாவனைக்கு அது போதும். 8 ஜிபிக்காக இன்னும் செலவழிப்பதிலும் பார்க்க ஒரு சிறிய எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) வாங்குவது கூடுதல் பயன் தரும் என்பது என் எண்ணம்.

கடையில் 2ஆர்எக்ஸ்8 இல்லையென்று இணையத்தில் தேடினால், ஏஎம்டி மதர்போட்களுக்கு மட்டும் என்று எழுதி மலிவாக விற்கப்படும் ரேமைத் தொடாதீர்கள். அவற்றில் 4 பிட் அகலச் சிப்கள் பாவிக்கப்படுவதால் உங்கள் இன்டெல் சிப்செட்டில் அவையும் ஓடா. சேவர்களில் இருந்து கழற்றிய, சேவர்களுக்கென்றே செய்யப்பட்ட ரெஜிஸ்டர்ட் வகை ரேமும் அப்படித்தான்.

மாற்றி எடுத்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும், முதலில் புதிய ரேமைத் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். தனியாகவும் பிழை வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.