கேட்காமல் வெட்டிய நாலு வரி: மாணவர் இதழ் நடத்தியவர்கள் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்:
கல்லூரியில் நாங்களே ஒரு இதழ் நடத்தினோம். நிர்வாகம் போடும் ஆண்டு மலர் வேறு. அதில் முதல்வர் படமும் விளையாட்டு விழாப் படமும் இருக்கும். எங்களுடையது 32 பக்கம், 300 பிரதி, அட்டை மூலையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்'. ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்போம். ஆசிரியர் குழு என்று ஆறு பேர். நண்பர்களுக்குள் என்ன விதி வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தோம்.

மூன்றாவது இதழுக்கு முதலாண்டு மாணவி ஒருத்தி அம்மாவைப் பற்றிக் கவிதை கொடுத்தாள். கடைசி நாலு வரி எனக்கு வளவளவென்று பட்டது. பக்கத்திலும் இடமில்லை. வெட்டிவிட்டேன். அத்தோடு விட்டேனா, 'அடுப்படி' என்று இருந்ததைச் 'சமையலறை' ஆக்கினேன். இதழ் வந்த மறுநாள், நாங்கள் உட்காரும் வேப்பமரத்தடிக்கு வந்து பிரதியை நீட்டினாள். "அண்ணா, இது என் கவிதை இல்ல. என் பேர் மட்டும்தான் இருக்கு." அழவில்லை, சண்டை போடவில்லை, போய்விட்டாள். அவள் எழுதிக்கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். அம்மா இறந்துபோனது அந்த நாலு வரியில்தான் இருந்தது. நான் அதை உவமை என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் விதி எழுதினோம்: ஒற்று போடுவதென்றாலும் எழுதியவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். இன்னொன்றும் சேர்த்தோம், அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வந்தவற்றில் மோசமானதை எடுத்து ஒருவன் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தப் பழக்கத்தை விட்டோம். வேண்டாம் என்றால் இரண்டு வாரத்துக்குள் காரணத்தோடு எழுதிக் கொடுப்பது என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் வரும் கவிதைகளை உண்மையிலேயே படிக்க ஆரம்பித்தோம்.

உங்கள் இதழில் எந்த விதி எப்படி வந்தது?

ஹாஸ்டல்வாசி:
எங்களுக்கு மெஸ் விவகாரம். சாம்பாரில் புழு கிடந்ததை முதல் பக்கத்தில் போட்டோம். 'சமைப்பவர்களின் அலட்சியம்' என்று தலைப்பு வைத்தவன் நான்தான். கேம்பஸே கைதட்டியது. அடுத்த வாரம் சமையல் செய்த அக்காவை கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார். அரிசியும் பருப்பும் மட்டமாக வருகிறது என்று மாதக்கணக்கில் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே அந்த அக்காதான் என்று காய் நறுக்கும் தாத்தா சொல்லித் தெரிந்தது. நான் சமையற்கட்டுக்குள் கால் வைக்காமலே எழுதியிருந்தேன். பத்தடி தூரம். அடுத்த இதழில் அதே முதல் பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போட்டோம். அக்கா திரும்ப வரவில்லை.

விதி: யாரைக் குறை சொல்கிறோமோ அவரிடம் நேரில் போய்க் கேட்காமல் செய்தி அச்சுக்குப் போகாது.

மூன்றாம் மாடி:
விடுதியில் எனக்குக் கொடுத்திருந்தது மூன்றாம் மாடி, அதனால் இந்தப் பெயர். எங்கள் இதழில் பெண்கள் நாலு பேர் குழுவில் இருந்தோம். பெயர் மட்டும் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். பெண்கள் விடுதிக் கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். பையன்கள் எட்டு மணிக்கு மேல் டீக்கடையில் கூடுவார்கள். அட்டைப்படம், தலையங்கம், யாரை அடுத்த ஆசிரியராகப் போடுவது எல்லாமே அங்கேதான் முடிவாகும். காலையில் எங்களிடம் வந்து "நேத்தே பேசியாச்சே" என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதனாலேயே சண்டை போடவும் முடியவில்லை.

ஒருமுறை நாங்கள் நாலு பேரும் பிழை திருத்தாமல் சும்மா இருந்துவிட்டோம். இதழ் பத்து நாள் தள்ளிப்போனது. அப்புறம் ஒரு விதி வந்தது: ஆறு மணிக்கு மேல் பேசலாம், சிரிக்கலாம், எதையும் முடிவு செய்யக் கூடாது. எங்கள் இதழில் இருந்த விதிகளிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

பழைய நிருபர்:
மாணவனாக இருந்தபோது செய்த தப்பு. சக மாணவர்கள் கிண்டல் தாங்காமல் தவித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினோம். பெயர் போடவில்லை என்று எங்களுக்குப் பெருமை வேறு. ஆனால் துறை, ஆண்டு, பேருந்தில் வருபவர் என்று எழுதியிருந்தோம். அந்த வகுப்பில் பேருந்தில் வரும் பெண்கள் இரண்டே பேர். அவர் இரண்டு வாரம் கல்லூரிக்கே வரவில்லை.

பின்னால் இதழியல் படிக்கும்போது ஹேசல்வுட் வழக்கு வந்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துப் பள்ளி ஒன்று. 1983இல் மாணவர்கள் நடத்திய 'ஸ்பெக்ட்ரம்' இதழிலிருந்து இரண்டு பக்கங்களைப் பள்ளி முதல்வர் எடுத்துவிட்டார். ஒன்றில் கர்ப்பமான மாணவிகளின் கதை, இன்னொன்றில் பெற்றோரின் விவாகரத்து. 1988இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வகுப்பில் எல்லோரும் முதல்வரைத் திட்டினோம். மாணவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்தை உருவியது தணிக்கைதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் என்னைக் குத்தின. பெயரை மாற்றினாலும் அந்த மாணவிகள் யாரென்று பள்ளிக்குள் தெரிந்துவிடும். விவாகரத்துக் கட்டுரையில் குறை சொல்லப்பட்ட தகப்பனிடம் பதில் கேட்கவில்லை. ஹாஸ்டல்வாசி சொன்ன மெஸ் கதையும் இதுதானே. இந்த இரண்டையும் மாணவர்களே முதலில் யோசித்திருந்தால் முதல்வருக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

பாலியல் வன்கொடுமை என்றால் நம் ஊரில் சட்டமே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. பெயர் மட்டுமல்ல, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது. மாணவர் இதழுக்கு இதில் சலுகை கிடையாது.

இரண்டாமாண்டு:
இப்போது நடத்திக்கொண்டிருக்கிறோம். எங்கள் தலைவலி, ஏஐயிடம் எழுதி வாங்கி வருவது. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பையனைத் திருடன் என்று சொல்லிவிட்டோம், அவன் கிறுக்கிய நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். இப்போதெல்லாம் எழுதியவரை உட்காரவைத்து, எப்படி எழுதினாய் என்று பேசுகிறோம். நேரம் பிடிக்கிறது.

திருச்சிக்காரன் அண்ணா, அந்த அக்கா அப்புறம் எழுதினார்களா?

திருச்சிக்காரன்:
எங்களுக்குக் கவிதை தரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க முகமில்லை. ஒரு வருடம் கழித்து, பிழை திருத்த ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டபோது வந்தாள். முதல் நாள் என் தலையங்கத்தைத்தான் கையில் கொடுத்தேன். பென்சிலை எடுத்தவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, இங்க ஒரு 'க்' விட்டுப்போச்சு. போடட்டுமா?"